கருவியின் கணக்கும் காதின் கணக்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கரக்பூரில் தமிழ் பேசக் கூடும் இம்மன்றத்தில் இலக்கியமும் சமயமும் பேசப்படுவதே வழக்கம். இன்று மின்சாரத்தைப் பற்றிப் பேசச் செயலாளர் எங்களைப் பணித்துவிட்டார். பேசப் போகும் நாங்கள் மூவர். இருவர் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர்கள். ஒருவர் சிக்னல் பகுதியைச் சேர்ந்தவர். எங்களுள் எவரும் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவரல்லர். விடுமுறை நாட்களில் ஹௌரா லோகல் ஏறிக் கல்கத்தா சாந்தினி சந்தைக்குச் சென்று, உதிரிப் பொருள்களை வாங்கி வந்து, வீட்டுத் தாழ்வாரத்தில் ஆம்ப்ளிபையர் கட்டுவதே எங்கள் பொழுதுபோக்கு. ஆகவே இவ்வுரையில் பொறியியல் புலமையை எதிர்பார்க்க வேண்டா. ஒரு பிழையின் வரலாற்றையே சொல்ல வந்திருக்கிறோம்.

அப்பிழை எல்லோரும் அறிந்ததே. 2023-ஆம் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் நம் சங்கத்துப் பழைய வால்வு ஆம்ப்ளிபையரைச் சோதித்து ஓர் அறிக்கை படித்தோம். அக்கருவியைத் தம் கையால் கட்டி, 1979-ஆம் ஆண்டில் சங்கத்திற்கு அளித்த பெரியவர், பணிமனையில் ஓய்வு பெற்றவர், அன்று இரண்டாவது வரிசையில் தம் பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்திருந்தார். எங்கள் அறிக்கையின் கடைசி வரி, “இக்கருவி கேட்பதற்குத் தகுதியற்றது” என்பதாகும். அவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, நீங்கள் இதை எதில் பூட்டிச் சோதித்தீர்கள்?” ஸ்பீக்கருக்குப் பதிலாக எட்டு ஓம் ரெசிஸ்டரில் பூட்டியதாகச் சொன்னோம். “ரெசிஸ்டர் பாட்டுக் கேட்குமா?” என்றார். சபை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஒரு முதியவரின் அறியாமை என்று எண்ணிச் சிரித்தோம். அதற்குப் பின் எட்டு மாதம் அவர் சங்கத்தின் வாயிலை மிதிக்கவில்லை.

அக்கேள்வி அறியாமையன்று என்பதை விளக்கவே இன்று இங்கு நிற்கிறோம்.

முதலில் அக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். இ.எல். 84 என்னும் வால்வுகள் இரண்டு எதிரெதிராக இயங்கிப் பத்து வாட்டு அளவில் ஒலி தருவது அது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மரைப் பெரியவரே சுற்றினார். கல்கத்தா காலேஜ் தெரு நடைபாதையில் பழைய ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழ்களை வாங்கிப் படித்தே இக்கலையைக் கற்றதாக அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்விதழில்தான் 1947-ஆம் ஆண்டில் வில்லியம்சன் என்பார் தம் புகழ் பெற்ற ஆம்ப்ளிபையரை வெளியிட்டார். பதினைந்து வாட்டுத் தரும்பொழுதும் உருத்திரிபு நூற்றில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது அதன் பெருமை. வீட்டில் கருவி கட்டுவோர் ‘எத்தனை விழுக்காடு?’ என்று ஒருவரையொருவர் கேட்கும் வழக்கத்திற்கு அக்கட்டுரையும் ஒரு காரணம் எனலாம்.

உருத்திரிபு என்பது யாது? ஆயிரம் ஹெர்ட்ஸ் உள்ள ஒரே ஒரு தூய ஒலியைக் கருவிக்குள் செலுத்தினால், வெளியே அதனுடன் இரண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம் எனக் கேளா விருந்தாளிகளும் சேர்ந்து வருவர். அவ்விருந்தாளிகளின் கூட்டு அளவே உருத்திரிபு. அதைக் குறைப்பதற்கு உரிய பெரிய உபாயம் எதிர்மறைப் பின்னூட்டம். வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டிலிருந்து கழித்துவிடுவது அது. ஹாரல்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலையில், அலுவலகம் செல்லும் படகில் அமர்ந்தபடி, கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அதை எழுதிக் கையொப்பமும் இட்டார். லோகல் வண்டியில் போகும்பொழுது எங்களுக்கும் யோசனைகள் தோன்றுவதுண்டு. செய்தித்தாள்தான் அடுத்தவர் கையில் இருக்கும்.

பெரியவர் தம் கருவியில் பின்னூட்டத்தை மிகச் சிறிதளவே வைத்திருந்தார். கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் அதை மிகுத்தால் கருவி தானே ஊளையிடத் தொடங்கும். ஆதலின், அளந்தபொழுது எட்டு வாட்டில் ஒன்றரை விழுக்காடு உருத்திரிபு வந்தது. எல்.எம். 3886 என்னும் ஐ.சி.யைக் கொண்டு நாங்கள் கட்டிய புதுக் கருவி அதே எட்டு வாட்டில் நூறில் ஒரு பங்கையே காட்டியது. ‘நூறு மடங்கு மட்டம்’ என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் எழுதினோம்.

எழுதியதோடு நின்றோமா? இரண்டையும் பொதுக் கூட்டத்திலேயே மாற்றி மாற்றிப் பாடவைத்துக் காட்டினோம். புதுக் கருவியே தெளிவு என்று பலரும் கை தூக்கினர். இவ்விடத்தில்தான் எங்கள் முதல் குற்றம் இருக்கிறது. இரண்டு கருவிகளின் குமிழ்களையும் ஒரே எண்ணில் வைத்தோமேயன்றி, ஒரே ஒலியளவில் வைத்தோமா என்று பார்க்கவில்லை. பின்னர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபொழுது, பழையது 2.4 வோல்ட் தந்த இடத்தில் புதியது 2.83 வோல்ட் தந்தது தெரிந்தது. வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காது ‘உரக்கம்’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு’ என்றும் ‘உயிர்ப்பு’ என்றும் உணர்கிறது. கடைக்காரர்கள் தாங்கள் விற்க விரும்பும் கருவியின் குமிழைச் சிறிது கூட்டி வைப்பது இதனால்தான். நாங்கள் விற்கவில்லை, ஆனால் தெரியாமலேயே அந்த வித்தையைச் செய்துவிட்டோம்.

இக்குற்றத்தை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு கருவியில் பட்ட அவமானத்தினால் கண்டுபிடித்தோம்.

எங்களுள் ஒருவர் தம் வீட்டிற்காக டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஓர் ஆம்ப்ளிபையர் கட்டினார். இருபது வாட்டில் அளந்தபொழுது உருத்திரிபு நூற்றில் பத்தில் ஒரு பங்கு. வில்லியம்சனுக்கு நிகராகிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஓர் அதிகாலையில், குழந்தைகள் விழித்துவிடாதிருக்க மிகத் தணிவாக ஒரு கச்சேரிப் பதிவை வைத்தார். அடுக்களையிலிருந்து அவர் மனைவியார், “தம்பூராவின் மேல் யாரோ மணலைத் தூவுகிறார்கள்” என்றார். நண்பர் எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார். மறுநாளும் அம்மையார் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் போய் அமர்ந்து கேட்டோம். மணல் இருந்தது!

அளவு பொய்யா? இல்லை. அளந்த இடம் தவறு. இத்தகைய கருவியில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பாரம் மாறும் இடத்தில் இருவரும் சிறிது நேரம் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு பிடித்திருப்பதற்கு, பாட்டில்லாத பொழுதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருத்தல் அவசியம். எங்கள் ஊர் மே மாத வெயிலுக்கு அஞ்சிய நண்பர், கருவி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அம்மின்னோட்டத்தை அறவே குறைத்து வைத்திருந்தார். விளைவு, கைமாறும் இடத்தில் அலை ஒவ்வொரு முறையும் இடறியது. இருபது வாட்டுப் பேரலையில் அந்த இடறல் கடலில் விழுந்த கூழாங்கல். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்காகப் பாடும் தம்பூராவிலோ அதுவே பாறை. மறுபடியும் அத்தணிந்த அளவில் அளந்தோம். உருத்திரிபு ஒரு விழுக்காட்டைத் தாண்டி நின்றது. அதுவும் இரண்டாம், மூன்றாம் மடங்கில் மட்டும் அடங்காமல் ஏழு, ஒன்பது, பதினொன்று என மேலே மேலே ஏறும் கரடுமுரடான உருத்திரிபு. இரண்டாம் மடங்கு என்பது மேல் ஸ்தாயி ஸட்ஜமம். இசைக்குள் இசைந்து மறைந்துவிடும். பதினொன்றாம் மடங்கு எந்த ஸ்வரத்திலும் சேராது.

வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் காலடியில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 22 மில்லிவோல்ட் வரும்வரை, அதாவது 100 மில்லியாம்பியர் ஓடும்வரை, சிறு திருகைத் திருப்பினோம். மணல் மறைந்தது. அம்மையாரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குச் சான்றிதழ்.

ஒரு முழு இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் அறிக்கையும் இப்படித்தானே? எட்டு வாட்டில் அளந்தோம், ரெசிஸ்டரில் அளந்தோம், கேட்டதோ வேறு அளவில், வேறு பாரத்தில். சரக்கு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாமலிருந்தது வெட்கம். எடை மேடை பொய் சொல்லாது. ஆனால் எந்த வாகனை எடை போட்டோம் என்பதை எழுத்தர்தானே எழுத வேண்டும்?

2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரியவரின் இல்லத்திற்குச் சென்றோம். கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டு சிறிது நின்றார். பிறகு உள்ளே அழைத்தார். காபி வந்தது. “ஐயா, உங்கள் கேள்விக்கு விடை தேட வேண்டும், நீங்களும் வர வேண்டும்” என்றோம். “என் காதுக்கு வயதாகிவிட்டது, தம்பி” என்றார். ஆயினும் வந்தார்.

சங்கத்து வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். வேறு சங்கத்தார்க்கும் பயன்படக்கூடும். பழைய வால்வுக் கருவியையும் எங்கள் ஐ.சி. கருவியையும் ஒரு திரைக்குப் பின்னால் வைத்தோம். ஸ்பீக்கர் ஒன்றே, ஒரு சுவிட்சு அதை இரண்டு கருவிகளுக்கும் மாற்றித் தரும். வால்வுக் கருவியைப் பாரமின்றி விட்டால் டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போகும் ஆதலால், ஸ்பீக்கர் மற்றதற்குப் போகும்பொழுது எட்டு ஓம் ரெசிஸ்டர் தானாக இதனுடன் சேரும்படி செய்தோம். (அந்த நேரங்களில் ரெசிஸ்டரும் பாட்டுக் கேட்டது.) ஸ்பீக்கரின் முனைகளில் 400 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, இரண்டின் மின்னழுத்தமும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மாறுபடாதபடி சரிசெய்தோம், அஃதாவது பத்தில் ஒரு டெசிபெல். 400 என்று கொண்டதற்கும் காரணம் உண்டு. மலிவான மல்டிமீட்டர்கள் அதற்கு மேற்பட்ட ஒலிகளில் சரியாகக் காட்டும் என்று நம்புவதற்கில்லை.

திரைக்குப் பின்னால் இருந்தவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி சுவிட்சைத் திருப்புவார். கேட்பவர் இது பழையதா புதியதா என்று தாளில் எழுத வேண்டும். ஒருவர்க்குப் பதினாறு முறை. குருட்டாம்போக்கில் எழுதினாலும் எட்டு சரியாகும். பன்னிரண்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சரியாவதற்கு உரிய வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே பன்னிரண்டை எல்லையாகக் கொண்டோம்.

பெரியவர் பதினான்கு சரியாக எழுதினார். எங்களுள் இருவரும் எல்லையைத் தாண்டினோம். வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது! ‘இதில் தெளிவு, அதில் மந்தம்’ என்று பொதுக் கூட்டத்தில் கண்ட வேறுபாடு அன்று. அது குமிழின் வேலை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பழைய கருவியில் சற்றுத் திரண்டு ஒலித்தது. வயலின் சற்று முன்னால் வந்து நின்றது. “நான் நாற்பது ஆண்டாகச் சொல்வது இதைத்தான்” என்றார் பெரியவர். உருத்திரிபுதான் இதற்குக் காரணமோ என்று முதலில் நினைத்தோம். ஆனால் வாசகசாலையில் நாங்கள் கேட்ட அளவு ஒரு வாட்டையும் எட்டவில்லை. அந்த அளவில் பழைய கருவியின் உருத்திரிபு நூற்றில் பத்தில் இரண்டு பங்கே. அதுவும் மூன்றாம் மடங்கோடு பெரும்பாலும் முடிந்துவிடுவது. இசையின் நடுவே அது செவிக்கு எட்டுவது அரிது.

பிறகுதான் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டோம். ரெசிஸ்டர் எல்லா ஒலிக்கும் எட்டு ஓம். ஸ்பீக்கர்? கணினியின் ஒலி அட்டையைக் கொண்டு அளந்தோம். பெயருக்குத்தான் அது எட்டு ஓம். 200 ஹெர்ட்ஸ் அருகில் ஆறு ஓம். 80 ஹெர்ட்ஸ் அருகில் முப்பது ஓம். 2,500 அருகில் இருபது ஓம். மலையும் மடுவுமாக இருந்தது. அடுத்து, ஆம்ப்ளிபையரின் உள்தடையை அளந்தோம். பாரமின்றிச் சிறிது நேரம் 2.5 வோல்ட் காட்டிய வால்வுக் கருவி, எட்டு ஓம் பூட்டியதும் 2 வோல்ட்டுக்கு இறங்கியது. கணக்கிட்டால் உள்தடை இரண்டு ஓம். ஐ.சி. கருவியிலோ மீட்டரின் முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

இனி நாலாம் வகுப்புக் கணக்குத்தான். ஆறு ஓம் உள்ள இடத்தில், எட்டில் ஆறு பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது, முக்கால். முப்பது ஓம் உள்ள இடத்தில், முப்பத்திரண்டில் முப்பது பங்கு. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு டெசிபெல். ஆகவே 80 ஹெர்ட்ஸில் தொப்பி இரண்டு டெசிபெல் உயர்கிறது. 2,500 ஹெர்ட்ஸில் வயலினும் ஏறக்குறைய அவ்வளவே உயர்கிறது. ரெசிஸ்டரில் அளந்தால் இந்த மலையும் மடுவும் தெரியவே மாட்டா, நேர்கோடாகத்தான் தெரியும். பெரியவரின் காது கேட்டதை எங்கள் கருவியாலும் கேட்டிருக்க முடியும். நாங்கள்தான் அதை ஸ்பீக்கரோடு பேசவிடவில்லை.

உறுதி செய்ய ஒரு வழி இருந்தது. எங்கள் ஐ.சி. கருவிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் பூட்டினோம். விலை இருபது ரூபாய். மறுபடி அளவைச் சரிசெய்து, மறுபடி பதினாறு முறை. பெரியவர் ஒன்பது சரியாக எழுதினார், நாங்களும் அப்படியே. தாளைப் பார்த்து அவர் நெடுநேரம் பேசவில்லை. “அப்படியானால் வால்வு இல்லையா அது?” என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு அக்கேள்வி மகிழ்ச்சியைத் தரவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

இது எங்கள் புதுக் கண்டுபிடிப்பன்று. 1985-ஆம் ஆண்டில் பாப் கார்வர் என்னும் அமெரிக்கர், ‘ஸ்டீரியோபைல்’ இதழாசிரியர்கள் மெச்சிய விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றைப் போலவே தம் மலிவான டிரான்சிஸ்டர் கருவியைப் பாடச் செய்வதாகச் சவால் விட்டார். ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டைக் கழித்து, எஞ்சுவது 70 டெசிபெல் கீழே போகும்வரை, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்கு ஆகும்வரை, தம் கருவியைத் திருத்தினார். கேட்டுப் பழகிய அவ்வாசிரியர்களால் வேறுபாடு காண இயலவில்லை. அவர் செய்த பெருஞ்செயலின் ஒரு துளியை நாங்கள் இருபது ரூபாய் ரெசிஸ்டரில் செய்தோம்.

இனி அறிக்கையின் மற்றப் பகுதி. மண்டபத்திற்குப் பத்து வாட்டுப் போதாது என்று எழுதினோமே, அது சரியே. அதில் மாற்றமில்லை. ஒலியைப் பத்து டெசிபெல் உயர்த்தப் பத்து மடங்கு வாட்டு வேண்டும். தகரக் கூரையும் பன்னிரண்டு மின்விசிறிகளும் உள்ள மண்டபத்தில் முந்நூறு பேருக்குப் பாட முயன்று, அப்பழைய கருவி அலையின் உச்சியை வெட்டிக்கொண்டிருந்தது. பெரியவரும் இதை ஒப்புக்கொள்கிறார். மண்டபத்திற்கு அன்பர்கள் நன்கொடையில் வாங்கிய கருவி இருக்கட்டும். அதிலும் பேச்சுத் தெளிவாகக் கேட்பதில்லை என்று தாய்மார்கள் குறை கூறுகிறார்கள். அதற்கு ஆம்ப்ளிபையர் காரணமன்று. எதிரொலிக்கும் கூரையே காரணம். பின்சுவரில் கனத்த திரை தொங்கவிட்டால் நூறு விழுக்காட்டுக் கணக்குகளைவிடப் பயன் தரும். இதைப் பற்றித் தனியே செயற்குழுவிற்கு எழுதியிருக்கிறோம்.

பழைய கருவி இப்பொழுது வாசகசாலையில் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்து கேட்கிறார்கள். ஒரு கண்டன்சர் கசிந்திருந்தது. பெரியவர் தாமே மாற்றினார். கை சிறிது நடுங்குவதால் ஈயம் வைக்கும்பொழுது மட்டும் எங்களுள் ஒருவர் விளக்கைப் பிடித்தோம். பின்னூட்டத்தை இன்னும் சிறிது கூட்டலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தோம். “நான் இருக்கும்வரை வேண்டாம்” என்றார். சரி என்றோம்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023-ஆம் ஆண்டுப் பொதுக் கூட்டக் குறிப்பேட்டில் எங்கள் அறிக்கை முழுவதும் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள எண்களில் எதுவும் பொய்யன்று. அவை எட்டு ஓம் ரெசிஸ்டரில், எட்டு வாட்டில் எடுத்தவை என்று அருகில் குறித்தால் போதும். கடைசி வரியை மட்டும் நீக்கித் தர வேண்டுகிறோம். நாங்கள் மூவரும் கையொப்பமிட்ட வரி அது. நீக்குவதற்கும் நாங்கள் மூவருமே இன்று எழுத்தில் விண்ணப்பம் கொண்டு வந்திருக்கிறோம். பெரியவர் இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரது பேரப்பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள்.